இடப்பக்கம் எதைப் பார்த்தாள்

பகல் பன்னிரண்டரைக்கு வாசல் மணி அடித்தபோது கனிஷாய் போர்சோக் மாவுத்துண்டுகளின் கடைசி ஈட்டை எண்ணெயிலிருந்து அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் எர்மெக் போய்க் கதவைத் திறந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். சிநேகிதர்கள் வரும் நாளில் அவன் புதுச் சட்டை போடுகிறவன் அல்ல.

இந்த மாதம் ஷெரினே விருந்து அவர்கள் வீட்டில். மாதம் ஒருவர் வீடு என்று முறைவைத்துக் கூடிச் சாப்பிடுவது பிஷ்கெக் நகரத்தில் எல்லாரும் செய்வதுதான். கூடப் படித்தவர்கள் கூடுவார்கள், கூட வேலை செய்தவர்கள் கூடுவார்கள். இவர்களைச் சேர்த்தது சினிமா. சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். தோற்றவர் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

முதலில் வந்தவள் குல்பாரா. பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள். அவளுக்குப் பின்னால் பல் மருத்துவன் மிர்லான், இடுப்பில் குழந்தையைப்போல ஒரு தர்பூசணியை ஏந்திக்கொண்டு. கடைசியாகப் பெரியவர் பாய்செயித். எண்பதைத் தாண்டியவர். நாலு மாடி ஏறியதில் மூச்சு வாங்கினார். சண்டை படிக்கட்டிலேயே தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதும் மிர்லான் நிறுத்தவில்லை.

புதிதாக வந்த படம் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மாஸ்கோவில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்களைப் பற்றியது. எடுத்தவள் இருபத்தாறு வயதுப் பெண். செல்போனிலேயே பாதியை எடுத்தாளாம். பேரங்காடித் திரையரங்கில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள், பக்கத்து அரங்கில் மாமியார் மருமகள் கூத்துக்கு நிற்க இடமில்லை என்றான். அந்தப் பெண்ணின் ஒரு படத்துக்குப் பெரிய இயக்குநர் காதிர்குல்லின் கடைசி மூன்று படங்களும் ஈடாகாது என்றும் சொன்னான். குல்பாராவைச் சீண்டுவதற்காகவே சொன்னான்.

"குதிரை, குதிரை, மேல இருந்து குதிரை. அது படமா, சுற்றுலாத் துறை விளம்பரமா? நான் தூங்கி எந்திரிச்சுப் பாத்தா இன்னும் அதே குதிரை ஓடுது."

"பல்லு புடுங்குற அவசரத்துல படம் பாத்தா அப்படித்தான்."

"என்கிட்ட வர்றவங்க வாயையாவது திறக்குறாங்க, அக்கா. அவர் படத்துல ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

பாய்செயித் சிரித்துக்கொண்டே வாசலுக்கு நேரெதிர்ச் சுவரோரம், மூத்த விருந்தாளிக்கான நடு இடத்தில் போய் உட்காரப் பார்த்தார். எர்மெக் அவரைப் பிடித்து, ஒரு இடம் தள்ளி உட்காரவைத்தான். நடு இடம் காலியாக இருந்தது. கனிஷாய் அதைப் பார்த்தாள். காலையில் எர்மெக் சந்தையிலிருந்து ஆட்டுத்தலை வாங்கி வந்தபோது பெரியவருக்கு என்றுதான் சொன்னான்.

குல்பாரா எப்போதும்போல 'உப்பு லாரி'க்கு வந்து சேர்ந்தாள். எந்தச் சண்டையையும் அவள் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவாள். கடைசி மூன்று படமும் குப்பை என்றே இருக்கட்டும். 'உப்பு லாரி'யில் அந்த ஒரு ஷாட் போதும், காதிர்குல் பேர் நிற்கும் என்றாள். மலைப்பாதை. உப்பு ஏற்றிய லாரியில் அப்பா வீட்டைவிட்டுப் போகிறான். ஒன்பது வயதுப் பெண் பின்னால் ஓடுகிறாள். நடுவில் வெட்டே கிடையாது. புழுதி அவளை மூடுகிறது, விலகுகிறது, அவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் நிற்கிறாள். நின்றதும் லாரியைப் பார்ப்பதில்லை. இடப்பக்கம் திரும்பி, சட்டகத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். அதோடு படம் முடிகிறது.

எதைப் பார்க்கிறாள் என்பதுதான் சண்டை. குல்பாராவுக்கு அது செத்துப்போன தாய். பாய்செயித்துக்கு மலை. எர்மெக் கல்யாணத்துக்கு முன்பே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவன். அவனுக்கு அது எதிர்காலம். மிர்லானுக்கு ஒன்றுமே இல்லை. பொண்ணு சும்மா திரும்பினா. நீங்கதான் முப்பது வருஷமா அவளைத் திரும்பவிடாமப் புடிச்சு வச்சிருக்கீங்க என்பான்.

பிறகு நாலு பேரும் சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள். அந்தப் பெண் அங்கேதான் தட்டு துடைத்துக்கொண்டிருப்பாள்.

"கனிஷாய், நீதான் சொல்லேன்."

"எனக்கு ஞாபகம் இல்லக்கா. ஐயா ஒரு கதை சொன்னார். அழுதேன்."

அது அவளுடைய வாக்கியம் அல்ல. படம் வெளிவந்த சமயத்தில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவள் தலைமேல் கைவைத்துக்கொண்டு காதிர்குல் சொன்ன வாக்கியம். 'நான் ஒரு கதை சொன்னேன். அழுதா.' அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பள்ளியில், கல்லூரியில், வேலை செய்யும் மருந்துக்கடையில், பெண் பார்க்க வந்தபோது எர்மெக்கின் அம்மாவிடம், எல்லா இடத்திலும் அதையே கொடுத்தாள். யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. எர்மெக்கும் கேட்கவில்லை.

மறுபடி மணி அடித்தது.

எர்மெக் கதவைத் திறக்குமுன்னே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை அவன் சொன்னான்: காதிர்குல்லின் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்களாம், மகள் பெகிமாயைப் பார்த்தார்களாம், புதுப் படத்துக்குப் பிடித்துப்போயிற்றாம். பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்பது அவளுக்கு அர்த்தம். சரி என்பது அவனுக்கு.

வந்தவர் இளைத்திருந்தார். வலது கை லேசாக நடுங்கியது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாய்செயித்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எர்மெக் நடு இடத்தைக் காட்டினான். காதிர்குல் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து, கனிஷாயின் நெற்றியில் முத்தமிட்டார்.

"என் பொண்ணு" என்றார். "அப்படியே இருக்கே."

அவள் கை ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் பேச்சு வேறாகிவிட்டது. குல்பாரா தழுதழுத்தாள். காதிர்குல் மிர்லானைப் பார்த்து, தம்பி கடைசிப் படம் பார்த்தீங்களா என்று கேட்டார். மிர்லான் போர்சோக்கை மென்று விழுங்கினான்.

"பாத்தேன் ஐயா. அந்தக் குதிரைக் காட்சி... நல்ல நிதானம்."

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல ஐயா. கண்ணு மூடிக் கேட்டேன்."

காதிர்குல்தான் முதலில் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கனிஷாய் இறைச்சித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த அறையில் இனி இவரிடம் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை என்று நினைத்தாள். அரை மணி முன்னால் அவரைக் கிழித்துப் போட்டவன் இப்போது அவருக்கு நல்ல எலும்பாகத் தேடிக்கொண்டிருந்தான்.

தலையை அவர் முன்னால் வைத்தான் எர்மெக். காதிர்குல் கத்தியை எடுத்தார். நடுங்கும் கையால் ஒரு காதை அறுத்தார். பெகிமாயைக் கூப்பிட்டார். அவள் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நேற்றிரவு எர்மெக் அவளுக்கு 'உப்பு லாரி'யைப் போட்டுக் காட்டியிருந்தான். கனிஷாய் அந்த நேரம் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காது சின்னவங்களுக்கு" என்றார் காதிர்குல். "சொன்ன பேச்சைக் கேக்கணும்."

"கேப்பேன் தாத்தா."

பிறகு அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். இதுதான் கடைசிப் படம். டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு வண்ண ஃபிலிம் கிடைக்காமல் கறுப்புவெள்ளையில் எடுத்தேன், அதே பாதையில் அதே ஷாட்டை வண்ணத்தில் இன்னொரு தரம் எடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். ஜூலையில் மூன்று வாரம். மலைமேல். அம்மா லீவு போட வேண்டாம். எர்மெக் கூட வந்தால் போதும்.

"அப்பா வேஷமும் நீயே போட்டுடு, எர்மெக். நடிக்க ஒண்ணும் இல்ல. முதுகு மட்டும் காட்டினா போதும்."

எர்மெக்கின் முகம் சிவந்தது. இருபது வருடமாகத் திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவன். கனிஷாயைப் பார்த்தான். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பாய்செயித் கையைத் துடைத்துக்கொண்டார். நல்ல காரியம், பாதா கொடுத்துவிடலாம் என்றார். பெரியவர் வாழ்த்துச் சொல்லி, இருப்பவர்கள் எல்லாரும் உள்ளங்கையை விரித்து முகத்தில் தடவிவிட்டால் முடிந்தது. அதற்குப்பின் அந்தக் காரியத்தை மாற்றிப் பேச ஆள் கிடையாது. பெண்ணைக் கொடுப்பதும் அப்படித்தான், வீடு மாறுவதும் அப்படித்தான். ஆனால் ஒருவர் கை வேலையாக இருந்தாலும் பெரியவர் தொடங்கமாட்டார்.

கனிஷாய் ஊற்றினாள். குல்பாராவுக்கு, மிர்லானுக்கு, மறுபடி குல்பாராவுக்கு. கிண்ணத்தில் அடியில் மட்டும் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பதுதான் மரியாதை. சீக்கிரம் காலியாகும், மறுபடி கேட்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். அதுவும் அவளுக்கு உதவியாக இருந்தது. குடிக்கக் குடிக்க வாங்கி ஊற்றினாள். போதும் என்று பாய்செயித் கிண்ணத்தைக் கையால் மூடினார். மிர்லான் மூடினான். குல்பாரா மூடினாள். காதிர்குல் மட்டும் நீட்டினார்.

அவள் அவருடைய கிண்ணத்தை நிறைத்தாள். விளிம்பு தளும்ப நிறைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

எழுந்து போ என்று வாயால் சொல்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குல்பாரா விரிப்பைப் பார்த்தாள்.

காதிர்குல் கிண்ணத்தைப் பார்த்தார். கை நடுக்கத்தில் கொஞ்சம் சிந்தியது.

"என்னை விரட்டுறா" என்றார் சந்தோஷமாக. "அன்னிக்கும் இப்படித்தான். என்கிட்ட ஒரு வாரம் பேசவே இல்ல. இந்த ரோஷம் இல்லாட்டி அந்தப் படம் ஏது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நிம்மதியான சிரிப்பு. குல்பாரா கனிஷாயின் முழங்காலைத் தட்டினாள். காதிர்குல் முழுக் கிண்ணத்தையும் மெதுவாகக் குடித்து முடித்தார். காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கெட்டிலைக் கீழ வை, தாயி" என்றார் பாய்செயித். "கையை விரி."

கைகள் விரிந்தன. பெகிமாயும் விரித்தாள், ஒரு உள்ளங்கையில் ஆட்டுக்காது இருந்தது. கனிஷாய் கெட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"பெகிமாய் வரமாட்டா, பெரியப்பா."

அவள் பெரியவர்கள் முன்னால் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கைகள் அப்படியே நின்றன. கனிஷாய், என்ன இது என்றான் எர்மெக், சிரித்த முகம் மாறாமல்.

"ஐயா எனக்குக் கதை சொல்லல" என்றாள். "லாரியை ஓட்டினது என் சொந்த அப்பா. அவர் நிஜமாவே போறார்னு ஐயா சொன்னார். இனிமே வரமாட்டார்னு சொன்னார். நான் ஓடினேன். அன்னிக்கு மேகம் வந்துடுச்சுன்னு எடுத்தது சரியில்ல. சாயங்காலம் அப்பா லாரியில திரும்பி வந்துட்டார். மறுநாள் மறுபடியும் ஓடச் சொன்னாங்க. நான் ஓடல. எனக்குத் தெரியும், வந்துடுவார்னு. அப்ப ஐயா என் பக்கத்துல உக்காந்து சொன்னார்: 'நேத்து நீ ஓடினே, அதனால திரும்பி வந்தார். இன்னிக்கு நீ நின்னுட்டா வரமாட்டார்.'"

கெட்டில் கனத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஓடினேன். எங்க நிக்கணும்னு யாரும் சொல்லல. முடியாமப் போச்சு, நின்னுட்டேன். நின்னா அவர் வரமாட்டார்ல. போதுமா, இன்னும் ஓடணுமான்னு கேக்கத் திரும்பிப் பாத்தேன். இடப்பக்கம் ஐயாதான் நின்னார். அதைத்தான் பாத்தேன். மூணாவது நாளும் ஓடச் சொன்னாங்க. அன்னிக்கும் ஓடினேன்."

கீழே எங்கோ யாரோ கம்பளம் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல" என்றாள். "பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் நான் பின்னாலயே ஓடுவேன். படம் முடிஞ்சு போச்சு நில்லுடின்னு சிரிப்பார்."

சொல்லியாயிற்று. முப்பது வருடம் உள்ளே கிடந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது. எர்மெக்கைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போயிருந்தது.

குல்பாரா அழுதுகொண்டிருந்தாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"படைச்சவனைப் பாத்திருக்கா" என்றாள் மெல்ல. "நாம அம்மா, மலைன்னு பேசிட்டிருந்தோம். அந்தப் பொண்ணு தன்னைப் படைச்சவனைத் திரும்பிப் பாத்து, இன்னும் எவ்வளவுன்னு கேக்குறா. ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே."

பாய்செயித் தலையை ஆட்டினார். அப்படிப் பார்த்தால் முழுப் படத்துக்குமே வேறு அர்த்தம் வருகிறது என்றார். மிர்லான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் முகம் நிஜமாகவே வெளிறியிருந்தது. கனிஷாய் ஒரு கணம் அவனை நம்பினாள்.

"அப்ப படத்துல இருக்கறது எந்த நாள்?" என்று கேட்டான். "மூணாவதா?"

"ரெண்டாவது" என்றார் காதிர்குல். "மூணாவது நாள் சுருள்ல வெளிச்சம் புகுந்துடுச்சு. ஒண்ணும் தேறல."

கனிஷாய்க்கு இது தெரியாது. மூன்றாவது நாள்தான் அதிக தூரம் ஓடினாள். பாதை முடிந்து ஆற்றங்கரைக் கல்லுக்கு வந்தபிறகும் ஓடினாள்.

காதிர்குல் அவளைப் பார்த்தார். மறுக்கவில்லை. வருத்தப்படுகிறவர்போலத்தான் இருந்தார். நீ சொன்னது அத்தனையும் சரி, அதற்காக நான் சந்தோஷப்பட்டதில்லை என்றார். ஆனால் அந்த ஷாட் இல்லாவிட்டால் இங்கே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கமாட்டோம், இவன் உன்னைக் கட்டியிருக்கக்கூட மாட்டான் என்றும் சொன்னார். அது உண்மைதான். திரைப்பட விழாவில் எர்மெக் அவளிடம் வந்து முதலில் கேட்டதே, அந்தப் பொண்ணு நீங்கதானா என்றுதான்.

"நான் தோத்துட்டேன்" என்றான் மிர்லான். "சும்மா திரும்பினான்னு சொன்னேன். சும்மா இல்ல. ஒத்துக்கறேன்."

குல்பாரா விடவில்லை. தோற்றால் பாட்டு. மிர்லான் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான். நல்ல குரல். மலைமேல் ஒருத்தி ஒருவனுக்காகக் காத்திருக்கும் பாட்டு. காதிர்குல் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டார். இரண்டாவது அடியில் பாய்செயித்தும் சேர்ந்துகொண்டார். கனிஷாய் கெட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் குல்பாரா வீட்டில் இதைப் பேசுவார்கள். அதற்கடுத்த மாதம் மிர்லான் வீட்டில். எந்த நாள், எத்தனை தரம், எதற்குத் திரும்பினாள். அவள் கொடுத்துவிட்டாள். இனி அது அவர்களுடையது.

பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். எர்மெக் தட்டவில்லை.

குல்பாரா நகர்ந்து வந்து கனிஷாயின் தோளை அணைத்துக்கொண்டாள். மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாய், நல்லதாயிற்று, இனி பாரம் இல்லை என்றாள். சொல்லிக்கொண்டே கெட்டிலை அவள் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்போடுதான் செய்தாள்.

கனிஷாயின் கைகள் காலியாக இருந்தன. அவற்றை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள். "நான் வேணாம்னு சொன்னேன்."

"காலம் மாறிப்போச்சு, கண்ணு. இப்ப அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும். ஐயா ஏமாத்த முடியாது. அதுவும் அவ அப்பா கூடவே இருக்கான். வேற யாரு?"

பாய்செயித் மறுபடி உள்ளங்கைகளை விரித்தார். காதிர்குல் விரித்தார், ஒன்று நடுங்கியது. குல்பாரா, மிர்லான். எர்மெக்கின் கைகள் பாதி எழுந்து மடிக்கு மேல் நின்றிருந்தன. விரிக்கவுமில்லை, இறக்கவுமில்லை. பெரியவர் அவனையும் கனிஷாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பெகிமாய் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா சொன்னது முழுவதையும் அவள் கேட்டிருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. எதையோ சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போல அவன் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, நான் ஓடி வரும்போது நீங்க திரும்பிப் பாப்பீங்களா?"